தோட்டத்துச் சாளைக்கு நாமே ஓடு வேய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் தை மாதம் எங்கள் தோட்டத்தில் கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு சாளை போட்டோம். நானும் என் மச்சானும்தான் ஆட்கள். மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் டேங்க், சுருட்டி வைத்த சொட்டுநீர்க் குழாய், நாலு உர மூட்டை, அப்புறம் மதியத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்க ஒரு நிழல், இவ்வளவுக்குத்தான் அது. காங்கேயம் பக்கத்து மேட்டு நிலம். காற்றுக்குக் குறைவில்லை.

சுவர் வைத்த கதையை யாரும் கேட்பதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

தகரம் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே, ஓடு எதற்கு?

உரமும் சாமானும் மட்டும் வைப்பதாக இருந்தால் தகரமே போதும், தாராளமாகப் போடுங்கள். உள்ளே மனிதன் உட்கார வேண்டும் என்றால்தான் ஓடு. சித்திரை மாதத்து இரண்டு மணி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓடு தடிமனான மண். சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக உள்சூடு மேலே போய்விடும். இன்னொன்று, காற்றில் தகரம் போனால் பத்தடித் தகடு முழுசாகப் போகும். ஓடு போனால் ஒன்று போகும், ஒன்றை மாற்றினால் போதும்.

வீட்டில் பழைய சிமெண்ட் சீட்டு கிடக்கிறது, அதைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய சீட்டை அறுக்கவோ துளை போடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

நாட்டு ஓடா, சீமை ஓடா?

நாட்டு ஓடு பார்க்க அழகு. ஆனால் அரைக்குழாய் மாதிரி வளைந்த சின்ன ஓடு அது. ஒன்றோடொன்று கொளுவாது, அடுக்கின் பாரத்திலேயே நிற்கும். அணிலும் பூனையும் ஓடினாலே நகரும். வருடத்துக்கு ஒரு தடவையாவது ஏறி ஓடு மாற்ற வேண்டும். அந்தக் கை உள்ள ஆட்கள் இப்போது நம் பக்கம் அருகிவிட்டார்கள்.

முதல் தடவை தானே வேய்கிறவருக்கு நான் சொல்வது சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு. 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் மங்களூரில் நேத்ராவதி ஆற்றங்கரைக் களிமண்ணை அச்சில் அழுத்திச் சுட ஆரம்பித்தது. அப்புறம் கோழிக்கோட்டுக்குப் பக்கத்து ஃபெரோக், திருச்சூருக்குப் பக்கத்து ஒல்லூர் என்று சூளைகள் பரவின. பாலக்காட்டுக் கணவாய் நமக்கு வாசல் மாதிரி திறந்து கிடப்பதால், காற்று வரும் அதே வழியில் ஓடும் வந்து சேர்ந்தது. இந்த ஓட்டின் ஓரத்தில் காடி, அதாவது பள்ளம், உண்டு, பின்பக்கம் கொக்கி உண்டு. பக்கத்து ஓட்டோடு காடி பொருந்தும், கொக்கி ரீப்பரை, அதாவது ஓட்டுக்கு அடியில் குறுக்கே அடிக்கும் மரச்சட்டத்தை, பிடித்துக்கொள்ளும். அளவு சரியாக இருந்தால் புதுக்கையும் தப்பில்லாமல் போட்டுவிடலாம்.

வெளிநாட்டுப் படங்களில் வருகிற ஷிங்கிள்ஸ் போட முடியாதா?

போடலாம். இப்போது இங்கேயும் கிடைக்கிறது. ஊட்டிப் பக்கம் விடுதிகளில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அது கண்ணாடி இழைப் பாயில் தார் ஏற்றி, மேலே கல்பொடி தூவிய வில்லை. வழக்கமான மூன்று நாக்கு வில்லை மூன்றடி நீளம், ஓரடி அகலம். அதில் வெளியே தெரிவது 5 அங்குலம்தான், மீதி மேல்வரிசைக்கு அடியில் போய்விடும். ஒரு வில்லைக்கு 4 ஆணி, காற்றுள்ள இடத்தில் 6. மூன்று கட்டு வாங்கினால் நூறு சதுரடி மூடும்.

எடையில் ஓட்டைவிட ரொம்பக் குறைவு என்பது உண்மை. ஆனால் அதற்கு ரீப்பர் போதாது. கூரை முழுக்கப் பிளைவுட் அடித்து, மேலே நீர்காப்புத் தாள் விரித்து, அதன்மேல்தான் ஆணி அடிக்க வேண்டும். கரையான் புற்றுக்கு நடுவில் குடியிருக்கும் நாம் தோட்டத்தில் பிளைவுட்டைக் கொண்டுபோய் வைப்பது, கரையானுக்கு விருந்து வைத்து அழைப்பது மாதிரிதான். கறுப்புத் தார் வெயிலைக் குடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பழைய ஓடு வாங்கலாமா?

வாங்கலாம், நானும் அதைத்தான் வாங்கினேன். ஊருக்கு ஊர் ஓட்டு வீடுகளை இடித்துத் தார்சு, அதாவது கான்கிரீட் கூரை, போடுகிறார்கள். நாற்பது ஐம்பது வருடம் மழையும் வெயிலும் தாங்கிய ஓடு அது. உடைவதாக இருந்தால் எப்போதோ உடைந்திருக்கும்.

ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பழைய சாமான் கடை ஒன்றில் 320 ஓடு எடுத்தேன். "எல்லாம் ஒரே வீட்டு ஓடுங்க" என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பி ஏற்றிவந்தேன். ஓட்டின் முதுகில் சூளையின் பெயர் அச்சாகியிருக்கும். அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாற்பது ஓடு வேறு சூளை ஓடு. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. காடியில் வைத்தால் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சந்து. சிமெண்ட் பூசிச் சமாளிக்கலாம் என்று வடக்குச் சரிவில் போட்டேன். ஐப்பசி மழையில் அந்த நாற்பதுக்கும் கீழே மட்டும் உர மூட்டை நனைந்தது. எல்லாவற்றையும் இறக்கி, அதே அச்சுள்ள ஓடு தேடி இரண்டு ஊர் அலைந்தேன்.

பக்கத்து ஊரில் ஓட்டு வேலை செய்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மீதி ஓட்டைப் பார்க்க வந்தவர் ஒன்றைக் கையில் எடுத்து, விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்தார். "ஏனுங்க தம்பி, சட்டி வாங்குனாத் தட்டிப் பாப்பீங்கல்ல? இதும் சட்டிதானுங்க" என்றார். நன்றாக வெந்த ஓடு ணங் என்று மணிபோல் பேசும். மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். அன்றைக்கு அவர் தட்டி ஒதுக்கியது பதினொன்று. ஒன்றில்கூட என் கண்ணுக்கு விரிசல் தெரியவில்லை. சந்தேகமான ஓட்டில் தண்ணீர் நிற்கும்படி களிமண் வரம்பு கட்டி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் அடியில் ஈரம் படர்ந்திருந்தால் பரவாயில்லை, சொட்டு நின்றால் வேண்டாம்.

எத்தனை ஓடு வேண்டும், எப்படிக் கணக்குப் போடுவது?

தரையின் அளவை வைத்துப் போடக் கூடாது, சரிவின் அளவை வைத்துப் போட வேண்டும். எங்கள் சாளை அகலம் 10 அடி, நடுவில் முகடு. ஆக ஒரு பக்கத்துக்கு 5 அடி. எரவாணம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, சுவரைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே நிற்கிறது, மொத்தம் ஆறரை அடி. இரண்டடிக்கு ஓரடி சரிவில் (கிடையாக இரண்டடி போனால் ஓரடி உயரம்) அது கைமரத்தின், அதாவது முகட்டிலிருந்து சாய்வாக இறங்கும் மரத்தின், மேல் ஏழேகால் அடி, அதாவது 87 அங்குலம். ஓடு ஒன்று நீளவாக்கில் மூடுவது பன்னிரண்டரை அங்குலம். ஆக 7 வரிசை.

நீளம் 12 அடி, இரண்டு ஓரமும் ஓரடி நீட்டி 14 அடி, 168 அங்குலம். ஓடு அகலவாக்கில் மூடுவது சுமார் 8 அங்குலம். ஆக வரிசைக்கு 21. ஒரு பக்கம் 147, இரண்டு பக்கமும் 294. உடைசலுக்குச் சேர்த்து 310 என்று வைத்துக்கொள்ளுங்கள். முகட்டு ஓடு 13. பொதுவாக நூறு சதுரடிக்கு 140 முதல் 150 ஓடு பிடிக்கும்.

ஒரு ஓடு இரண்டரைக் கிலோ வரும். முந்நூறு ஓடு என்றால் முக்கால் டன். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். கீழே உள்ள மரம் அதைத் தாங்க வேண்டும் என்பதை ஓடு வாங்கும் முன்னால் யோசியுங்கள்.

சரிவு எவ்வளவு வைக்க வேண்டும்?

குறைந்தது இரண்டடிக்கு ஓரடி. அதற்குக் கீழே போனால் சாரல் காற்றில் மழைத்தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி வரும். கூடுதலாக வைத்தால் மழைக்கு நல்லது, மரச்செலவும் ஓட்டுச்செலவும் ஏறும். "பார்க்க நல்லாயில்லை, தாழ்த்திப் போடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மரமா, இரும்பா?

வெல்டிங் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, சதுரக் குழாய். கரையான் தொல்லை இல்லை. நாங்கள் மரம்தான் போட்டோம், அதுவும் பழைய பனங்கை. வைரம் பாய்ந்த பனை கரையானுக்குப் பல் உடைக்கும் சமாச்சாரம். ஆணி இறங்காது, துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். இப்போது பனையை நினைத்தபடி வெட்ட முடியாது. ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அதனால் இடித்த வீட்டுப் பனங்கைதான் வழி. வேம்பும் நல்ல மரம்தான், காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் போட்டால் வெயிலுக்கு முறுக்கிக்கொண்டு ஓட்டை எல்லாம் தூக்கிவிடும். தென்னையில் முற்றிய மரத்தின் அடிப்பகுதி தவிர மீதி விறகுக்குத்தான்.

கைமரத்துக்குக் கைமரம் 2 அடிக்கு மேல் போகாதீர்கள். ரீப்பர் இரண்டங்குல அகலம், ஓரங்குலத் தடிமன். மரம் முழுக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு கை பூசினோம். கையுறை போடாமல் பூசினால் தோல் வெந்துபோகும், மச்சான் கையைக் கேட்டால் சொல்லும்.

ரீப்பர் இடைவெளி எத்தனை அங்குலம்?

இந்தக் கேள்விக்கு மட்டும் யார் எண் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் மேலே சொன்ன பன்னிரண்டரையும் என் ஓட்டுக்குத்தான். சூளைக்குச் சூளை கால் அங்குலம், அரை அங்குலம் மாறும். ஏழு வரிசையில் அது மூன்றங்குலம் ஆகிவிடும்.

செய்ய வேண்டியது இது. பதினோரு ஓட்டை எடுத்து, சமமான தரையில் முதுகு மேலே தெரியும்படி கவிழ்த்து, காடியோடு காடி பொருத்தி ஒரே வரிசையாக அடுக்குங்கள். காடி விலகாமல் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, முதல் கொக்கியிலிருந்து கடைசிக் கொக்கி வரை அளங்கள். எங்களுக்கு 128 அங்குலம் வந்தது. அப்புறம் முட்டும்வரை நெருக்கித் தள்ளி அளங்கள். 122 வந்தது. இரண்டுக்கும் நடு 125. பதினோரு ஓட்டுக்கு நடுவில் பத்து இடைவெளி. ஆகப் பன்னிரண்டரை. இழுத்த அளவில் ரீப்பர் அடித்தால் காற்றில் வாய் திறக்கும், நெருக்கிய அளவில் அடித்தால் வெயிலில் ஒன்றை ஒன்று முட்டி உடைக்கும்.

இனிமேல் டேப்பை வைத்துவிட்டு ஒரு அளவுக்கட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ரீப்பர் 2 அங்குல அகலம் என்றால் கட்டை பத்தரை அங்குலம். ஒரு ரீப்பரை அடித்து, கட்டையை வைத்து, அடுத்ததை அதில் முட்டி அடித்துக்கொண்டே மேலே போக வேண்டியதுதான். மச்சான் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் ஆளுக்கொரு கட்டையோடு இருந்தோம்.

எல்லாரும் தவறவிடும் இடம் எரவாணத்து முதல் ரீப்பர். மேலே உள்ள எந்த ஓட்டின் கீழ்முனையும் இன்னொரு ஓட்டின்மேல் உட்காரும். எரவாணத்து வரிசை ஓட்டுக்கு மட்டும் அடியில் ஓடு கிடையாது. அதனால் முதல் ரீப்பர் மற்றவற்றைவிட ஒரு ஓட்டுத் தடிமன் உயரமாக இருக்க வேண்டும். முக்கால் அங்குலப் பட்டை ஒன்றை அதன்மேல் வைத்து அடித்தால் போதும். அடிக்காவிட்டால் கீழ்வரிசை மூக்குத் தொங்கி, கொக்கி தூக்கி, இரண்டாவது வரிசையின் காடி திறந்துகொள்ளும். முதல் ரீப்பருக்கும் இரண்டாவதற்கும் உள்ள தூரமும் தனிக்கணக்கு. ஓடு எரவாணத்தைத் தாண்டி இரண்டங்குலம் நீட்டி நிற்கும்படி ஒரு ஓட்டை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூலை மட்டம். கூரையின் ஒரு சரிவில் மூலைக்கு மூலை கயிறு பிடியுங்கள், இரண்டு கயிறும் ஒரே நீளம் வர வேண்டும். எங்களுக்கு ஒன்றரை அங்குலம் வித்தியாசம் வந்தது. சுவர் கோணல், என் கைவேலைதான். சுவரை விட்டுவிட்டு ரீப்பரை மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். ஓடு சுவரைப் பார்ப்பதில்லை, ரீப்பரைத்தான் பார்க்கும். எங்களுக்கு ரீப்பர் வேலை மூன்று நாள் பிடித்தது. ஓடு போட்டது ஒரே காலைப்பொழுது.

எந்தப் பக்கத்திலிருந்து அடுக்க வேண்டும்?

கீழிருந்து மேலே. இடமா வலமா என்பதை ஓட்டின் காடி சொல்லிவிடும். அடியில் போகும் காடி உள்ள பக்கம் அடுத்த ஓட்டுக்காகத் திறந்து நிற்க வேண்டும். ஒரு பக்கச் சரிவை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இந்தப் பக்கம் இரண்டு வரிசை, அந்தப் பக்கம் இரண்டு வரிசை. இல்லாவிட்டால் முக்கால் டன்னில் பாதி ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து சட்டத்தைச் சாய்த்துவிடும்.

ஆடிக்காற்றுக்கு நிற்குமா?

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்ற பழமொழியில் நம் பக்கத்தவர்களுக்கு மிகை ஒன்றும் தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்று நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் உள்ள கணவாயில் நெருக்கி நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் என்று நேராக வருகிறது. காற்றாலைகள் இந்தப் பக்கம் வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை.

காற்று நடு ஓட்டை அசைக்காது, ஓரத்தில்தான் கை வைக்கும். எரவாணத்து வரிசை, இரண்டு பக்க ஓரங்கள், முகட்டை ஒட்டிய வரிசை, இவற்றில் ஒவ்வோர் ஓட்டையும் கொக்கித் துளை வழியாகக் கம்பி விட்டு ரீப்பரோடு கட்டினோம். நடுவில் மூன்றுக்கு ஒன்று. கட்டுக்கம்பி இரண்டு மூன்று மழையில் துருப்பிடித்து அறுந்துவிடும், ஜிஐ கம்பியோ செம்புக் கம்பியோ போடுங்கள். முகட்டைக் கிழக்கு மேற்காக வைத்ததால் காற்று சரிவில் மோதாமல் மேற்குப் பக்க முக்கோணச் சுவரில் மோதுகிறது. அந்த ஓரத்துக்கு ஓரப்பலகை அடித்து, சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள சந்தைக் காரையால் அடைத்தோம். உள்ளே நுழைந்து கீழிருந்து தூக்கும் காற்றுதான் ஆபத்து. மேற்கே கதவு வைக்காதீர்கள்.

முகட்டு ஓட்டுக்கு எவ்வளவு சிமெண்ட்?

ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் போதும், கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தால் நல்லது. சிமெண்டை அள்ளிக் கொட்டினால் வெயிலில் வெடித்து அந்த வெடிப்பு வழியாகவே ஒழுகும். முகட்டு ஓட்டை அரைமணி நேரம் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்து வையுங்கள். காய்ந்த ஓடு கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டுப் பிடிக்காமல் போகும். மூன்று நாள் ஈரச்சாக்கு.

எந்த மாதம் ஆரம்பிக்கலாம்?

தையிலிருந்து பங்குனிக்குள். சித்திரையில் கோடை மழை ஆலங்கட்டியோடு வரும், ஆனியில் காற்று ஏறிவிடும். ஆடியில் எதையும் தொடங்காதே என்று பெரியவர்கள் சொன்னதற்கு ஓட்டு வேலையைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பே இல்லை.

தனியாகச் செய்ய முடியுமா?

வேண்டாம். மேலே ஒருவர், ஏணியில் ஒருவர், கீழே எடுத்துக்கொடுக்க ஒருவர். எங்களுக்கு மூன்றாவது ஆள் மச்சான் மகன், லீவு நாளில் பிரியாணிக் கூலிக்கு வந்தான். ஓட்டின்மேல் நடக்காதீர்கள். ஏற வேண்டியது வந்தால் பலகையைக் குறுக்கே போட்டு, ரீப்பர் இருக்கும் இடத்துக்கு மேலே மட்டும் காலை வையுங்கள். பக்கத்தில் மோட்டாருக்குப் போகும் மின்கம்பி இருந்தால் இரும்பு ஏணியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உள்ளே இருட்டாக இருக்காதா?

இரண்டு கண்ணாடி ஓடு போட்டால் போதும். தெற்குச் சரிவில் போட்டால் மதிய வெயில் நேராகக் கட்டிலில் விழும். வடக்கே போடுங்கள்.

ஒழுகுகிறது, எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன செய்வது?

சொட்டு விழும் இடத்துக்கு நேர்மேலே தேடினால் கிடைக்காது. தண்ணீர் மேலே எங்கோ நுழைந்து, கைமரத்தை ஒட்டி ஓடிவந்து, ஓர் ஆணித்தலையில் நின்று சொட்டும். "வேயறவன் கீழிருந்து மேல போகோணும், ஒழுக்குத் தேடறவனும் கீழிருந்து மேலதானுங்க போகோணும்" என்றார் அதே பெரியவர். மழை பெய்யும்போதே உள்ளே ஈரத்தடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டே மேலே போங்கள்.

மழை இல்லாத நாளில் உச்சி வெயிலில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே படுத்துப் பாருங்கள். காடி ஓரத்தில் கீற்றுக் கீற்றாகத் தெரியும் வெளிச்சம் எல்லாக் கூரையிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். ஓட்டின் நடுவில் ஊசிமுனை மாதிரியோ கோடு மாதிரியோ தெரிந்தால் அது விரிசல். ஓடு உடையாமலே ஒழுகினால் காடியில் வேப்பிலைச் சருகும் மண்ணும் அடைத்திருக்கும், தென்னம் ஈர்க்கால் கிளறினால் போய்விடும். பெயிண்ட் அடித்தால் ஒழுக்கு நிற்குமா என்றால், நிற்காது.

தென்னைக்கு அடியில் போடலாமா? மயில் தொல்லைக்கு என்ன வழி?

தென்னைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். ஒரு நெற்று விழுந்தால் இரண்டு ஓடு, ஒரு மட்டை விழுந்தால் ஐந்தாறு.

மயிலுக்கு எனக்கும் வழி தெரியாமல்தான் இருந்தது. விடியற்காலையில் நாலைந்து வந்து முகட்டில் உட்கார்ந்துகொண்டு அகவும். பறந்து ஏறும்போது நகத்தால் முகட்டை ஒட்டிய ஓட்டை உதைத்துக் கீழே தள்ளும். விரட்டினால் இன்னும் மோசம், எல்லாம் ஒரே நேரத்தில் உதைத்துக்கொண்டு கிளம்பும். மேல்வரிசையைக் கம்பியால் கட்டிய பிறகு ஓடு நகரவில்லை. மயில் மட்டும் அப்படியே வருகிறது. மீந்த ஓட்டில் பதினைந்தைச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறேன், அதே அச்சு உள்ளதாகப் பார்த்து.